நூற்றாண்டு கடந்த நீதிமன்றக் கட்டடத்தைச் செப்பனிடுவது எப்படி?

சென்னைப் பாரிமுனையில் 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடம், கட்டடக் கலைஞர் பிராசிங்டன் வரைந்து, பின்னர் ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞர் நிறைவு செய்தது. அந்தச் செங்கற்சுவர் கடற்காற்றின் உப்பையும் ஐப்பசி அடைமழையையும் இத்தனை காலம் தாங்கியதற்குச் சுண்ணாம்புச் சாந்து ஒரு முக்கியமான காரணம். அச்சாந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதை அடுத்த ஜார்ஜ் டவுனில் உள்ள பழைய நீதிமன்றமோ அலுவலகமோ எதைச் செப்பனிட்டாலும் சுவரின் இந்த மூச்சை அடைத்துவிடாமல் வேலை செய்ய வேண்டும்.

எனவே கரணையை எடுப்பதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுவதும் கட்டடத்தைக் கவனித்துக் குறிப்பெழுதுங்கள். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், எந்த உயரம் வரை ஏறுகிறது, எந்த அறையில் உப்புப் பூக்கிறது, பூச்சை விரல் முட்டியால் தட்டினால் எங்கே பொள்ளென்று ஒலிக்கிறது என்பவற்றை வரைபடத்தில் குறித்து, புகைப்படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். சில மாதங்களில் அது உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். அப்போது பூசி மறைக்காமல் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

ஓதத்துக்குக் காரணம் பெரும்பாலும் சுவருக்கு வெளியேதான் இருக்கும். இலைக்குப்பை அடைத்த மழைநீர்த் தூம்பு, சுவரோரம் இடைவிடாமல் சொட்டும் ஏ.சி. நீர், மீண்டும் மீண்டும் போட்டதால் கட்டடத்தின் தரைமட்டத்தைவிட உயர்ந்துவிட்ட தெரு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் பூசிய பூச்சு எதுவும் நிலைக்காது.

சிமென்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் சிமென்ட் பூச்சைப் பெயர்த்தபோது நான் அருகில் நின்றிருந்தேன். பூச்சு பலகையைப் போல முழுதாகக் கழன்று வந்தது. அதன் பின்புறத்தில் செங்கல்லின் முகம் விரற்கடை கனத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சிறைப்பட்ட ஈரத்தில் உப்பு படிகமாகிச் செங்கல்லையே பிளந்துவிட்டது. அன்று உள்ளங்கையில் மாவாக உதிர்ந்த அந்தச் செங்கல்லை என்னால் மறக்க முடியவில்லை. பிளாஸ்டிக் பெயின்டும் இதே கேட்டைத்தான் செய்யும். சுண்ணாம்பு வெள்ளையே போதும்.

சாந்துக்கு நன்றாக நீற்றி ஊறவைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கும், உப்பில்லாத ஆற்றுமணல் ஏறத்தாழ மூன்று பங்கும் கொள்வது வழக்கம். ஓதம் மிகுந்த இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செங்கல் தூள் சேர்ப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலக்கும் பக்குவம் அனுபவமுள்ள கொத்தனாருக்குத் தெரியும்; அவர் சொல்லைக் கேளுங்கள். பழைய சாந்தோடு ஒத்துப்போகிறதா என்று மறைவான ஓரிடத்தில் ஒரு சதுர அடி பூசிப் பார்த்த பிறகே தொடர வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் மெல்ல இறுகும் என்பதால், ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே பொறுத்திருந்து, ஈரச்சாக்கு மூடி வெயிலிலிருந்து காக்க வேண்டும்.

தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கித் தட்டையான ஓடு பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகினால், பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு தளம் போடும் வழக்கம் தேக்கு உத்திரத்துக்குச் சுமையாகிறது. பழைய அடுக்கை எடுத்துவிட்டு, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனைகள் உளுத்திருக்கின்றனவா என்று சோதித்த பின்பே புதிதாக ஓடு பதிக்க வேண்டும். சுவரில் முளைத்த அரசங்கன்றைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடலாம். தண்டு முற்றிவிட்டால் இழுக்காமல், வெட்டிய முகத்தில் களைக்கொல்லி தடவி வேர் பட்டுப்போகும்வரை காத்திருங்கள்.

முதல் உலகப் போரின்போது 1914-இல் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலின் குண்டு விழுந்த இடத்தை நீதிமன்ற வளாகத்தில் ஒரு கல்வெட்டு இன்றும் காட்டுகிறது. அத்தகைய தடயங்களைப் புதுமெருகு என்ற பெயரில் அழித்துவிடாதீர்கள்.

வழக்கு நடக்கும் கட்டடம் என்பதால், சத்தம் எழும் உடைப்பு வேலைகளை மே மாத விடுமுறையில் முடித்து, கூரையையும் தூம்புகளையும் செப்டம்பருக்குள் சீராக்கி, உட்சுவர்கள் உலர்ந்த பின் பொங்கல் கழித்துப் பூசுவது நல்லது. அடுத்த பருவமழையின் முதல் நாளில் மாடிக்கு ஏறி, ஒவ்வொரு தூம்பிலும் நீர் தடையின்றி இறங்குகிறதா என்று நேரில் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.