லைன் வண்டி ஏறும் முன் நடைக்கூலியை நாளால் வகுத்துப் பாருங்கள்

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன்னால் நானும் ஸ்டியரிங் பிடித்தவன்தான். டெல்லி, பூனா, கல்கத்தா என்று நெடுந்தூர லைன் எல்லாம் ஓட்டியிருக்கிறேன். இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால், நடை (ஒரு டிரிப்) முடித்து வரும் டிரைவரிடம் பணம் எந்த இடத்தில் கரைகிறது என்பது நன்றாகவே தெரிகிறது.

ஹெவி லைசென்ஸ் எடுத்த கையோடு வேலை கேட்டு வரும் தம்பிகள் எடுத்த எடுப்பில் கேட்பது, "நடைக்கு எவ்வளவுங்ணா குடுப்பாங்க?" ஓனர் சொல்லும் தொகை காதுக்கு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அந்த நடை எத்தனை நாள் இழுக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிப் பூனாவில் இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. போக வர 8,400 ரூபாய் பேச்சு. (கணக்குச் சுலபமாக வரட்டும் என்று நான் போட்ட தொகை இது. உங்கள் ஊர் ரேட்டு வேறாக இருக்கும்.) ஏழு நாளில் வீடு திரும்பினால் நாளைக்கு 1,200. ரிட்டன் லோடு (திரும்பி வரும்போது ஏற்றும் சரக்கு) கிடைக்காமல் பூனாவிலேயே ஐந்து நாள் படுத்துவிட்டால், அதே 8,400-ஐ 12 நாளுக்குப் பங்கு வைக்க வேண்டும். நாளைக்கு 700. அந்த ஐந்து நாளும் ஹோட்டலில் சாப்பிட்டால் அதிலும் பாதி போய்விடும். ஓட்டாத நாளுக்கும் வயிறு பசிக்கும் அல்லவா?

அதனால் வண்டி ஏறுவதற்கு முன்பே ஹால்ட்டிங், அதாவது வண்டி காத்து நிற்கும் நாளுக்கான காசு, பேச்சை முடித்துவிடுங்கள். லோடு ஏற்றவோ இறக்கவோ பார்ட்டி (சரக்குக்காரர்) தாமதம் செய்தால் ஓனருக்கு ஹால்ட்டிங் சார்ஜ் வருவது உண்டு. அதில் டிரைவருக்கு எவ்வளவு, எத்தனையாவது நாளிலிருந்து? லோடு தேடிக் காத்திருக்கும் நாளுக்குப் பார்ட்டி பணம் தரமாட்டார், அந்த நாளைக்கு ஓனர் சாப்பாட்டுப் படியாவது தருவாரா? இந்த இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்லும் ஓனரிடம் நடைக்கு நூறு இருநூறு குறைந்தாலும் நான் வண்டி ஏறுவேன்.

சதவீதக் கணக்கு

மாதச் சம்பளம் போகப் படி, நடைக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு, வாடகையில் இத்தனை சதவீதம் என்று பல முறைகள் உண்டு. முதல் மூன்றிலும் பெரிய குழப்பம் கிடையாது. வம்பு வருவது சதவீதத்தில்தான். எந்த வாடகையில் சதவீதம்? புக்கிங் ஆபீஸ் கமிஷன் போவதற்கு முன்பா, போன பிறகா? எடைக் குறைவு, சேதாரம் என்று பார்ட்டி பிடித்தது போகவா? ரிட்டன் வாடகையும் உண்டா, அதற்கும் அதே சதவீதமா? இதைப் பேசாமல் விட்டால் கணக்கு முடிக்கும் அன்று இரண்டு பேரும் தலைக்கு ஒரு பேச்சுப் பேசுவார்கள். சதவீதத்தில் இன்னொரு தூண்டிலும் இருக்கிறது. பாரம் கூடினால் வாடகை கூடும், உங்கள் பங்கும் கூடும். ஆனால் ஓவர்லோடுக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. பிடிபட்டால் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்யவும் வழியிருக்கிறது. அபராதம் ஓனருடையது, லைசென்ஸ் உங்களுடையது.

கணக்கு முடிக்கும்போது எங்கள் ஆபீஸ் டிரிப் ஷீட்டில் மேலே அட்வான்ஸ் இருக்கும். கீழே டீசல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தார்ப்பாய் கட்டிய கூலி, எடை மேடைக் காசு, பஞ்சர், கிரீஸ், கடைசியில் 'வழிச்செலவு', அதாவது வழியில் அங்கங்கே கேட்பவர்களுக்குக் கொடுத்த காசு. டோல் ஃபாஸ்டாக்கில் ஓனர் கணக்கிலிருந்து போய்விடுவதால் அதில் சண்டை குறைந்துவிட்டது. வழிச்செலவில்தான் சண்டை. அதற்கு எந்த ஊரிலும் ரசீது கிடைக்காது. நன்றாகக் கணக்குக் கொடுக்கும் டிரைவர்கள், பணம் கொடுத்த உடனே ஊர் பெயரோடு ஓனருக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு போட்டுவிடுகிறார்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் நம்பத் தயங்குகிறவர், அந்த நிமிஷமே கேட்டதை மறுப்பதில்லை.

இறக்கும் இடத்தில் பில்டியில் (லாரி சரக்கு ரசீதில்) கையெழுத்து வாங்கும்போது, ஏதாவது குறை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தியிலோ மராட்டியிலோ எழுதினால் படம் எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிவிட்டு அப்புறம் வண்டியை எடுங்கள். 'ரெண்டு மூட்டை நனைஞ்சது' என்று ஒரு வரி இருந்தால் பேலன்ஸ் வாடகையில் பிடிப்பார்கள், அது சுற்றி வளைத்து உங்கள் தலையில் விடியும். ஏற்றிய இடத்தில் தார்ப்பாய் கட்டி முடித்ததும் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தால் வாயைத் திறந்து பேசலாம்.

இ-சலான், அதாவது போனில் வரும் அபராதச் சீட்டு, இன்னொரு தொல்லை. நடை முடிந்து மூன்று மாதம் கழித்துக்கூட ஓனர் போனுக்கு வரும். வேகம், சீட் பெல்ட், சிக்னல் இதெல்லாம் டிரைவர் பொறுப்பு. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ், ஓவர்லோடு எல்லாம் ஓனர் பொறுப்பு. முதல் நாளே இப்படிப் பிரித்துக்கொண்டால் பிறகு மனஸ்தாபம் இல்லை. இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒரு முறை வாங்கிப் பாருங்கள். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான பிரீமியம் என்று அதில் தனியாக ஒரு வரி இருக்கும், தொகை ரொம்பச் சின்னது. அது இல்லாத வண்டியில் ஏறுவதற்கு முன், அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பெரிய முன்பணம் வாங்காதீர்கள். வீட்டு விசேஷம் என்று மொத்தமாக வாங்கிவிட்டால், வண்டி பிடிக்காவிட்டாலும் இறங்க முடியாது. ஒரிஜினல் லைசென்ஸை ஆபீஸில் கொடுத்து வைக்கும் பழக்கமும் வேண்டாம்.

டீசல் மிச்சமும் தொப்பூர் இறக்கமும்

நிறைய ஓனர்கள் வண்டிக்கு ஒரு மைலேஜ் பேசிவிடுவார்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று பேசி 4.2 வந்தால் மிச்ச டீசலின் பணம் உங்களுக்கு. 3.8 வந்தால் உங்கள் கணக்கில் பிடித்தம். கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். இதனால் ஒரு டிரைவர் என்ன செய்கிறார் என்பதைத் தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில், தொப்பூர் இறக்கத்தில் பார்க்கலாம். பாரத்தோடு கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு உருட்டுகிறார்கள். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் எல்லாச் சுமையும் பிரேக்கின் மேல் வரும். அழுத்தி அழுத்தி பிரேக் லைனர் சூடேறினால் பிடிக்கவே பிடிக்காது. கீழே இரட்டைப் பாலம் வரும்போது முன்னால் நிற்கும் காரைப் பார்த்தும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஒரு இறக்கத்தில் மிச்சமாகும் டீசல் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூடத் தேறாது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு. இன்றைக்கும் அதுவே சரி.

மைலேஜ் பேசும்போது வெறும் வண்டிக்கும் பார வண்டிக்கும் தனித்தனியாகப் பேசுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். ஏ.சி. ஓடினால் டீசல் கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலை யார் ஏற்பது என்று பேசாவிட்டால், நாக்பூர் வெயிலில் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டுவீர்கள்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது

1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி நேரம், நெடுந்தூர வண்டி என்றால் அதிகபட்சம் 10 மணி, வாரத்துக்கு 54 மணி, ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்தது. ஐந்து பேராவது வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் அது இருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனரிடம் சட்டம் பேசினால் சிரிப்பார். அவரிடம் கிலோமீட்டரில் பேசுங்கள்.

நாமக்கல்லிலிருந்து டெல்லி சுமார் 2,400 கிலோமீட்டர். டோல், டீ, டிராஃபிக் எல்லாம் சேர்த்தால் பார வண்டி சராசரி மணிக்கு 40-ஐத் தாண்டுவது கஷ்டம். 10 மணி நேரம் ஓட்டினால் 400. ஆக ஒரு டிரைவருக்கு ஆறு நாள். "நாலு நாள்ல டெல்லி சேரணும்" என்று சொன்னால் நாளைக்கு 600 கிலோமீட்டர், அதாவது 15 மணி நேரம். அதற்கு டபுள் டிரைவர் வேண்டும். நேஷனல் பெர்மிட் (பல மாநிலங்களுக்கும் போகும் அனுமதி) வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்றிருந்ததை 2018-இல் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து, கேட்டு வாங்கினால்தான் இரண்டாவது ஆள்.

"இ-வே பில் முடிஞ்சிரும், சீக்கிரம் போ" என்று விரட்டினால் பதற வேண்டாம். இ-வே பில் என்பது சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டு; சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. டெல்லி லோடுக்கு 12 நாள் இருக்கிறது. வழியில் வண்டி நின்றுபோனாலும், முடியும் நேரத்துக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம். அவசரம் என்பது பார்ட்டிக்கு யாரோ கொடுத்த வாக்கு, அவ்வளவுதான். வெங்காயம், தக்காளி, முட்டை என்றால் உண்மையிலேயே அவசரம். அந்த லோடுகளுக்கு வாடகையும் படியும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

இரவு ஒன்றிலிருந்து விடியக்காலை நாலரை வரை வண்டி நிற்கட்டும். நான் பார்த்த மோசமான விபத்துகள் அந்த நேரத்தில்தான். மற்றபடி, நகரங்களின் நோ என்ட்ரி நேரத்தை வைத்து ஓட்டத்தைப் பிரியுங்கள். டெல்லியில் காலையும் மாலையும் உள்ளே விடமாட்டார்கள். அந்த நேரத்துக்கு எல்லையில் போய் நிற்பதற்குப் பதில், நூறு கிலோமீட்டர் முன்பே பெட்ரோல் பங்கில் ஒதுக்கித் தூங்கிவிட்டு வரலாம். நெடுஞ்சாலைப் பங்குகளில் சில இடங்களில் 'அப்னா கர்' என்று டிரைவர்களுக்குப் படுக்கை, குளியல், சமைக்கும் இடம் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். அரிசியும் அடுப்பும் கேபினில் இருந்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும், வயிறும் கெடாது.

அடுத்த வண்டி எது

ஹெவி லைசென்ஸ் எடுக்க 20 வயது ஆகியிருக்க வேண்டும், லைட் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஓப்பன் பாடி லாரியில்தான் பெரும்பாலோர் ஆரம்பிக்கிறார்கள். கயிறு, தார்ப்பாய், பில்டி, இந்தி எல்லாம் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும். இரண்டு மூன்று வருஷம் போதும். அதற்கு மேல் அதிலேயே இருப்பதற்குக் காரணம் இருந்தால் இருங்கள்.

எங்கள் ஊருக்குப் பெயரே கேஸ் டேங்கர். எரிவாயு ஏற்றும் புல்லட் டேங்கருக்குப் போக வேண்டும் என்றால் மூன்று நாள் பயிற்சி எடுத்து, ஆபத்தான சரக்கு ஓட்டும் அனுமதியை லைசென்ஸில் ஏற்ற வேண்டும். அது மூன்று வருஷம் செல்லும். மங்களூர், கொச்சி, எண்ணூர் போன்ற இடங்களில் ஏற்றிப் பாட்லிங் பிளான்ட்டில் இறக்குவது. ஆயில் கம்பெனி போக வரக் கிலோமீட்டருக்குச் சேர்த்து வாடகை கொடுப்பதால், ரிட்டன் லோடு தேடி எந்த ஊரிலும் படுக்க வேண்டியதில்லை. நான் முதலில் சொன்ன நாள் கணக்கில் டேங்கர் ஜெயிப்பது இதனால்தான். ஆனால் பிளான்ட் வாசலில் வரிசை நீளும் நாளும் உண்டு, அதற்கும் படி பேசிவிடுங்கள். உள்ளே விதிமுறை ரொம்பக் கண்டிப்பு. பீடி, தீப்பெட்டி பழக்கம் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

போர் போடும் திருச்செங்கோடு ரிக் வண்டி மாசக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடக்கும், பணம் மொத்தமாகச் சேரும், கல்யாணமாகாத பையன்களுக்குச் சரி. கார் ஏற்றும் டிரெயிலர், கன்டெய்னர் வண்டிகளில் தார்ப்பாய் வேலை இல்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்தால் கேரளாவுக்கு முட்டை ஏற்றும் வண்டியோ பார்சல் சர்வீஸோ பாருங்கள். இரவு ஓட்டம்தான், ஆனால் அடிக்கடி வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்.

பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் கண்டக்டர் லைசென்ஸையும் எடுத்து வையுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆள் எடுக்கும்போது டிரைவர் கம் கண்டக்டர் என்றுதான் கேட்கிறார்கள். தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள். விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான்.

வளைகுடா போவதாக இருந்தால் ஏஜென்ட்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. லட்சம் கேட்பவர் வீட்டில் காபிகூடக் குடிக்காமல் எழுந்து வாருங்கள்.

சொந்த வண்டி ஆசை எல்லோருக்கும் வரும். ஓட்டும் வண்டியின் டிரிப் ஷீட்டை ஒரு வருஷம் நோட்டில் நகல் எடுத்து வையுங்கள். அதில் ஓனருக்கு நின்ற தொகையிலிருந்து டயர், இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி., பெர்மிட் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மீதியைப் பன்னிரண்டால் வகுத்து, வண்டிக் கடனுக்குக் கட்ட வேண்டிய மாத டியூவோடு ஒப்பிடுங்கள். அந்த வருஷத்திலேயே வாடகை படுத்த மாதம் எது என்று பார்த்து, அந்த மாத வருமானத்தில் டியூ கட்ட முடியுமா என்றும் பாருங்கள். முடியாது என்றால் மூன்று டியூவுக்கான பணம் பேங்கில் தனியாகச் சேரும் வரை ஷோரூம் பக்கம் போகாதீர்கள்.