ஆடிட்டர் வெக்கிறப்போ ஓடிபி யார் போனுக்கு வருதுன்னு பாருங்க

சொந்தமா தொழில் பண்றவங்க ஆடிட்டர் பிடிக்கிறப்போ மாசம் எவ்ளோ ஃபீஸ்னு மட்டும்தான் கேக்கறோம், ஆனா ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன்ல யாரோட மொபைல் நம்பர், யாரோட மெயில் ஐடி போடறாங்கன்னு பாக்கறதே இல்ல. நானும் அப்டித்தான், ரெண்டும் அவரோடது. அப்புறம் ஆள் மாத்தணும்னு நெனச்சப்போ ஓடிபிக்காக அவர் பின்னாடியே அலைஞ்சேன், அந்த கதை வேண்டாம் விடுங்க. உங்க நம்பரையே போடச் சொல்லுங்க, யூசர்நேம் பாஸ்வேர்டு உங்க டைரியிலயும் இருக்கட்டும்.

இன்னொண்ணு, "ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் பண்ணியாச்சு சார்"னு ஆடிட்டர் சொன்னா அப்டியே நம்பிடாதீங்க. ஜிஎஸ்டி சைட்ல லாகின் கூட வேணாம், 'சர்ச் டாக்ஸ்பேயர்'ல உங்க 15 இலக்க ஜிஎஸ்டி நம்பரை அடிச்சு ஃபைலிங் டேபிளை தொறந்தா எந்த மாசம் எந்த தேதில போட்டாங்கன்னு வந்துடும். பிசினஸே நடக்காத மாசத்துக்கும் நில் ரிட்டர்ன், அதாவது வியாபாரம் எதுவும் இல்லன்னு காட்டற கணக்கு, போட்டே ஆகணும், லேட்டானா நில்லுக்கே ஒரு நாளைக்கு 20 ரூபா, மத்ததுக்கு 50 ரூபா, கட்டறது நீங்கதான் அவர் இல்ல.

வரிப் பணத்தை அவருக்கு ஜிபே பண்ணாதீங்க, சலான் வாங்கி உங்க நெட்பேங்கிங்லயே கட்டிடுங்க.