கண் இருட்டுக்குப் பழகுவதும் டோபமைனும்: தவிர்க்க வேண்டிய தவறான புரிதல்கள்

ஏற்காட்டில் லேடி சீட்டில் நின்று கீழே சேலம் நகரத்து விளக்குகளை வெகுநேரம் பார்த்துவிட்டு மரங்களின் பக்கம் திரும்பினால் முதலில் எதுவும் தெரிவதில்லை. பிறகு கிளைகள் ஒவ்வொன்றாகப் புலப்படுகின்றன. கண்பாவை விரிவதே இதற்குக் காரணம் என்று பலரும் சொல்லிவிடுகிறோம். பாவையின் விட்டம் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டராக விரிந்தாலும் உள்ளே வரும் ஒளி 16 மடங்குதான் கூடும். கண் சமாளிக்கும் வேறுபாடோ பல கோடி மடங்கு. எஞ்சிய வேலை விழித்திரையில் நடக்கிறது.

அங்கே டோபமைனுக்குப் பங்குண்டு என்றதும், மூளையில் சுரக்கும் 'மகிழ்ச்சிப் பொருள்' கண்ணுக்கு இறங்கி வருவதாக எண்ணிவிடக் கூடாது. விழித்திரையிலேயே உள்ள அமாக்ரைன் என்னும் நரம்பு செல்களில் ஒருவகைதான் அதைச் சுரக்கிறது.

இருட்டில் பார்க்க டோபமைன் உதவுகிறது என்பதே நான் அடிக்கடி கேட்கும், மிகவும் திருத்த விரும்பும் தவறு. உண்மை நேர்மாறானது: வெளிச்சத்தில்தான் அது மிகுதியாகச் சுரக்கிறது. விழித்திரைச் செல்கள் பலவற்றுக்கிடையே மின்குறிப்புகள் கசிந்து செல்லும் நுண்ணிய இணைப்புகள் உண்டு; வயலுக்கு வயல் மடையை அடைப்பதுபோல டோபமைன் அவற்றைச் சுருக்குவதால், மங்கலான ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்களின் குறிப்பும் பகலொளிக்கும் நிறத்துக்கும் உரிய கூம்பு செல்களின் குறிப்பும் பெரிதும் கலக்காமல், பகலில் காட்சி கூர்மையாகிறது. இரவில் டோபமைன் குறைந்து, இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்னும் பொருள் கூடும்போது மடைகள் திறக்கின்றன; பல செல்களின் மங்கலான குறிப்புகள் ஒன்றுசேர்ந்து வலுப்பெறுகின்றன, ஆனால் நுணுக்கம் குறைகிறது. நிலவொளியில் காப்பிச் செடியின் உருவம் தெரிந்தும், தோட்டத்துப் பெயர்ப்பலகையின் எழுத்துகளைப் படிக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருட்டு பழக அரைமணி நேரம் வரை ஆவதற்கும் டோபமைனையே காரணமாக்குவது சரியன்று. ஒளிபட்டுச் சிதைந்த ரோடாப்சின் என்னும் நிறமி குச்சி செல்களில் மெல்ல மீண்டும் உருவாக வேண்டும். தாமதம் பெரும்பாலும் அதனால்தான். ஆகவே மலையில் விண்மீன் பார்க்க நிற்பவர் நடுவில் கைப்பேசியின் பளிச்சென்ற திரையைப் பார்த்தால், பழகிய பார்வையின் பெரும்பகுதியை இழக்கிறார். மங்கலான சிவப்பு விளக்கு குச்சி செல்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

ரோடாப்சின் உருவாக வைட்டமின் ஏ தேவை. எனவே மாலைக்கண் உள்ளவர், 'டோபமைனைக் கூட்டும்' உணவென்று எதையாவது தேடி நாள் கடத்தாமல், கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வைட்டமின் குறைபாடு தவிர விழித்திரையின் பரம்பரை நோய்களும் அதே அறிகுறியோடுதான் தொடங்கக்கூடும்.