தனியாள் கல்வித் திட்டம்: ஒரு பிரதி உங்கள் கையிலும் இருக்கட்டும்

பள்ளிக்கூடத்தில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான விசேட கல்வி அலகில் படிக்கும் பிள்ளைக்குத் தனியாள் கல்வித் திட்டம் (அந்தப் பிள்ளை என்னென்ன பழக வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கென்றே எழுதும் திட்டம்) எழுதுகிறார்கள் என்றால், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அம்மாவோ அம்மம்மாவோ, பிள்ளையோடு நாள் முழுக்க நிற்பவர்தான் திட்டம் எழுதும்போது ஆசிரியரோடு போய் இருக்க வேண்டும். வீட்டில் பிள்ளை தானாகச் செய்வதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். கோழிக்கூட்டில் கிடக்கும் முட்டையை மூன்று வரை எண்ணி எடுக்கிறானா, செருப்பை மாறாமல் போடுகிறானா, இப்படி. கணக்குப் பாடத்தை அந்த முட்டையிலிருந்தே தொடங்கலாம்.

இலக்கு எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘எழுதப் பழகுவான்’ என்று இருந்தால் யாருக்கும் உதவாது. ‘புள்ளிக்கோட்டின் மேல் தன் பெயரின் முதலெழுத்தை, யாரும் கை பிடிக்காமல், ஐந்து முறைக்கு நான்கு முறை எழுதுவான், இரண்டாம் தவணை முடிவில் பார்ப்பது’ என்றால் சரி. ஒரு தவணைக்கு இரண்டு மூன்று இலக்கு போதும். பத்து எழுதினால் பத்தும் தாளிலேயே கிடக்கும்.

அப்புறம், நம்முடைய வன்னிப் பக்கத்தில் ஆசிரியர் இடமாற்றம் ஒரு தலையிடி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பிக்கிறவர் காலம் முடிந்ததும் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் புதியவர் ‘அ’விலிருந்து தொடங்குவார். ஆகவே திட்டத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். போட்டோக்கொப்பிக் கடை தூரமென்றால் போனில் படமெடுத்தாலும் போதும். கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்து, புது ஆசிரியர் வந்த முதல் கிழமையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.