எக்ஸ்டர்னலைச் சொருகினால் எழுந்திருக்காத கம்ப்யூட்டர்

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த வாரம். கும்பகோணத்தில் எங்கள் ஆல்பம் டிசைன் அறையில், மேசைக்கு அடியில் இருக்கும் பழைய அசெம்பிள் கம்ப்யூட்டரைக் காலையில் ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’. ஸ்டூடியோ தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, எம்ஜிஆரைக் காணோமாம்” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே நான்கு கல்யாணங்களின் படங்கள் இருந்தன.

பூட்எம்ஜிஆர் என்பது விண்டோஸை எழுப்பிவிடும் கோப்பு. அது எங்கும் போகவில்லை. முந்தின இரவு 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகியபடியே விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் எழுந்த கம்ப்யூட்டர், உள்ளே இருக்கும் டிஸ்க்கை விட்டுவிட்டு எக்ஸ்டர்னலில் போய் விண்டோஸைத் தேடியிருக்கிறது. அங்கே இருந்தது மாலை மாற்றும் படங்கள்தான். டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தேன். விண்டோஸா, மின்ட் என்ற லினக்ஸா என்று கேட்கும் மெனு பழையபடி வந்து நின்றது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: எல்லாவற்றையும் பிடுங்குங்கள். எக்ஸ்டர்னல், பென் டிரைவ், கார்டு ரீடர், பிரிண்டர், சார்ஜ் ஏறட்டும் என்று சொருகி வைத்த போன் எல்லாம். கீபோர்டும் மவுஸும் மட்டும் இருக்கட்டும். ரீஸ்டார்ட் கொடுக்காமல் முழுதாக அணைத்து, சுவரில் சுவிட்சையும் அணைத்து, அரை நிமிடம் விட்டு ஆன் செய்யுங்கள். எழுந்துவிட்டால் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை, எங்கே தேடுவது என்பதில்தான் கோளாறு. ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

எழாவிட்டால், எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். திரையில் வரும் வரியைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். “ஏதோ எரர் வருதுக்கா” என்று போன் செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான். கம்பெனி லோகோவிலேயே நின்றால் ஒரு கதை, ‘கிரப்’ (விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் அந்த மெனுவைக் காட்டும் புரோகிராம்) என்று வந்தால் வேறு கதை, லினக்ஸ் பாதி ஓடி நின்றால் இன்னொரு கதை.

லோகோவிலேயே நிற்பது, ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்பது, மேலே சொன்ன எம்ஜிஆர் வரி: மூன்றும் பயாஸ் சமாசாரம். ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டில் இருக்கும் புரோகிராம்தான் பயாஸ். அசெம்பிள் மெஷின்களில் ஆன் செய்ததும் டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். மடிக்கணினியில் பெரும்பாலும் எஃப்2. இங்கே ஒரு குழி இருக்கிறது, நானே இரண்டு முறை விழுந்திருக்கிறேன். எங்கே முதலில் தேடுவது என்று சொல்லும் பூட் வரிசையில் ‘ஹார்ட் டிஸ்க்’ முதலில் இருப்பதைப் பார்த்து, சரியாகத்தானே இருக்கிறது என்று வெளியே வந்துவிடுவோம். பழைய பயாஸுக்கு எக்ஸ்டர்னலும் ஹார்ட் டிஸ்க்தான். ஹார்ட் டிஸ்க்குகளுக்குள் யார் முதல் என்பது ‘ஹார்ட் டிரைவ் பிபிஎஸ் பிரையாரிட்டிஸ்’ என்று தனியாக இன்னொரு பட்டியலில் ஒளிந்திருக்கும். எக்ஸ்டர்னலைச் சொருகி வைத்துக்கொண்டே அதைத் திறந்து, உள் டிஸ்க்கை மேலே ஏற்றி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். பிடுங்கியிருக்கும்போது இதைச் செய்தால் பயனில்லை. அடுத்த முறை சொருகியதும் சில போர்டுகள் எக்ஸ்டர்னலை மறுபடி தலைமேல் தூக்கி வைத்துவிடும்.

புதிய மெஷின்களில் பழைய பயாஸின் இடத்தில் யூஇஎஃப்ஐ என்பதால், எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்ற குறிப்பே மதர்போர்டில் எழுதியிருக்கும். அங்கே விண்டோஸுக்கு ஒரு வரி, உபுண்டுவுக்கு (இன்னொரு லினக்ஸ்) ஒரு வரி. வரிசையை மாற்றும் முன் ஒரு விஷயம். புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலேயே டிரைவ் பூட்டப்பட்டிருக்கும். பூட் வரிசையையோ செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பையோ மாற்றினால், நீல நிறத் திரையில் 48 இலக்க பிட்லாக்கர் (அந்தப் பூட்டின் பெயர்) மீட்புச் சாவியைக் கேட்டு உட்கார்ந்துவிடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். முதலில் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிறகு பயாஸில் கை வையுங்கள்.

ஒரு முறை டிஸ்க்குக்குக் கரண்டே போதவில்லை. சொந்த அடாப்டர் இல்லாத சின்ன டிஸ்க்குகள் யூஎஸ்பியிலிருந்துதான் மின்சாரம் உறிஞ்சும். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லியாம்பியர், 3 என்றால் 900. முன்பக்கத்து பழைய போர்ட்டிலோ, நாலு வாய் ஹப்பிலோ சொருகினால் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று எழ முயன்று விழும். அதற்காகக் காத்திருந்து பயாஸும் லோகோவிலேயே நிற்கும். பின்பக்கத்து நீல நிற போர்ட்டுக்கு நேராக மாற்றுங்கள். அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க் என்றால் அந்த அடாப்டரும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். எங்கள் அறையில் கம்ப்யூட்டர் மட்டும் யூபிஎஸ்ஸில் இருந்தது, டிஸ்க் சுவரில். கரண்ட் போய் வரும்போதெல்லாம் டிஸ்க் மட்டும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

இனி கிரப். பல ஊர்ப் பிள்ளைகள் இரண்டு ஓஎஸ் மெனுவை முதலில் பார்த்தது 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினியில்தான். விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் இருந்ததால் அதில் குழப்பம் குறைவு. லினக்ஸை எக்ஸ்டர்னலில் போட்டால்தான் வேடிக்கை. தம்பி தன் மடிக்கணினியில் விண்டோஸைத் தொட வேண்டாம் என்று 500 ஜிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் உபுண்டு போட்டான். பூட்லோடரை (கிரப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள்) எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டபோது எக்ஸ்டர்னலையே காட்டினான். அப்படியும் அந்த இன்ஸ்டாலர் கிரப்பை உள் டிஸ்க்கில், யூஇஎஃப்ஐ தேடும் கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பகுதியில் கொண்டுபோய் வைத்தது. உபுண்டு பழைய இன்ஸ்டாலரின் நெடுநாள் குறை இது. எஸ்எஸ்டியை வீட்டில் வைத்துவிட்டு ஸ்டூடியோவுக்கு வந்தான். விண்டோஸும் வரவில்லை, உபுண்டுவும் வரவில்லை, ‘கிரப்>’ என்று மட்டும் ஒரு குறி மின்னிக்கொண்டிருந்தது. கதவுக்காரன் உள்ளே, வீடு வெளியே.

அந்தக் குறி வந்தால் பதறாமல் ‘எக்ஸிட்’ என்று அடித்து என்டர் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த வரிசையில் இருக்கும் விண்டோஸ் எழுந்துவிடும். அன்றைய வேலை ஓடும். (போனில் சொல்லிச் சொல்லியே பழகியதால் கட்டளைகளைக் காதில் விழுகிற மாதிரி எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.)

நிரந்தரமாகச் சரிசெய்ய, எஸ்எஸ்டியைச் சொருகி உபுண்டுவுக்குள் போங்கள். டெர்மினலில் ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ அடித்தால் எல்லா டிஸ்க்குகளும் கிளை கிளையாக வரும். எஸ்எஸ்டியில் ‘விஃபேட்’ என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லைவ் பென் டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டு ஓடும் பென் டிரைவ்) எழுப்பி, டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் ஜிபார்ட்டெட் திறந்து, 300 எம்பிக்கு ஃபேட்32 பகுதி ஒன்று உருவாக்கி, ‘ஈஎஸ்பி’ கொடியை ஏற்றுங்கள். அதன் அடையாள எண்ணான யூயூஐடி நடுவில் கோடு போட்ட எட்டே எழுத்துதான், குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதியை எங்கே திறப்பது என்று லினக்ஸ் பார்க்கும் ‘/இடிசி/எஃப்எஸ்டேப்’ கோப்பில் ‘/பூட்/ஈஎஃப்ஐ’ வரியில் இருக்கும் பழைய யூயூஐடியை எடுத்துவிட்டு இதை எழுதுங்கள். ‘சூடோ யூமவுண்ட் /பூட்/ஈஎஃப்ஐ’, பிறகு ‘சூடோ மவுண்ட் /பூட்/ஈஎஃப்ஐ’. அப்புறம் ‘சூடோ கிரப்-இன்ஸ்டால் --ரிமூவபிள்’. கடைசிச் சொல்லுக்கு முன் இரண்டு கோடு. அந்தச் சொல்தான் முக்கியம். எந்த மெஷினில் சொருகினாலும் யூஇஎஃப்ஐ தானாகத் தேடும் பொது இடத்தில் கிரப்பின் கோப்பை வைப்பது அதுதான்.

அணைத்து, பூட் மெனுவில் எஸ்எஸ்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்து எழுகிறதா பாருங்கள். டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9. எழுந்த பிறகே உள் டிஸ்க்கின் பழைய வரியை எடுக்க வேண்டும். ‘சூடோ ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ என்று அடித்தால் (இங்கேயும் ஒருவர்) வரிகள் எண்ணோடு வரும். உபுண்டுவின் பழைய எண் 0003 என்றால் அதே கட்டளையோடு ‘-பி 0003 -பி’ சேருங்கள். முதல் பி சின்னது, இரண்டாவது பெரியது. இரண்டாவது பிதான் அழிப்பது, எண்ணை இரண்டு முறை பார்த்துவிட்டு அடியுங்கள். இதற்குப் பிறகு தம்பி எஸ்எஸ்டியைச் சொருகி பூட் மெனுவைத் திறந்தால் உபுண்டு, இல்லாவிட்டால் பேசாமல் விண்டோஸ்.

‘கிரப் ரெஸ்க்யூ>’ என்று வந்தால் அது வேறு. கிரப் தன் மற்ற கோப்புகளையே தொலைத்துவிட்டது. யாரோ விண்டோஸிலிருந்து பார்ட்டிஷனை நீக்கினாலோ பிரித்தாலோ இப்படி ஆகும். ‘எல்எஸ்’ அடித்தால் அடைப்புக்குறிக்குள் ‘எச்டி0, எம்எஸ்டாஸ்5’ போலப் பெயர்கள் வரும். ஒவ்வொன்றாக ‘எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப்’ என்று எட்டிப் பாருங்கள். கோப்புகள் தெரியும் இடம்தான் வீடு. ‘செட் ரூட்=’ போட்டு அந்தப் பெயரையும், ‘செட் பிரிஃபிக்ஸ்=’ போட்டு அந்தப் பெயரோடு ‘/பூட்/கிரப்’பையும் எழுதுங்கள். பிறகு ‘இன்ஸ்மாட் நார்மல்’, அடுத்து ‘நார்மல்’. மெனு வரும். லினக்ஸுக்குள் போய், பழைய பயாஸ் மெஷின் என்றால் ‘சூடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ’, பிறகு ‘சூடோ அப்டேட்-கிரப்’ கொடுத்தால்தான் நிலைக்கும். எக்ஸ்டர்னலைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அது சொருகியிருந்தால் லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களில் எஸ்டிஏ எது, எஸ்டிபி எது என்று இடம் மாறிவிடலாம்.

மெனு வந்தும் விண்டோஸ் பெயரை மட்டும் காணோம் என்றால், 2021இல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற ஓஎஸ்களைத் தேடும் வேலையை அது தானாகச் செய்வதில்லை. ‘/இடிசி/டிஃபால்ட்/கிரப்’ கோப்பில் ‘கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்’ என்று ஒரு வரி, கடைசிச் சொல் தவிர எல்லாம் பெரிய எழுத்தில். மறுபடி அப்டேட்-கிரப்.

லினக்ஸ் பாதி ஓடி, ‘எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று சொல்லிக்கொண்டு ஒன்றரை நிமிடம் எண்ணுகிறதா? முடிவில் ‘எமர்ஜென்சி மோட்’ என்று மிரட்டுகிறதா? இதை நானே இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆல்பம் டிஸ்க் தினமும் தானாகத் திறக்கட்டும் என்று எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி சேர்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த டிஸ்க்கைப் பிரஸ்ஸுக்குக் கொடுத்து அனுப்பினேன். திங்கட்கிழமை மின்ட் அதற்காக 90 விநாடி வாசலில் காத்திருந்துவிட்டு, வரவில்லை என்றதும் கதவைச் சாத்திக்கொண்டது. கேட்கும் இடத்தில் என்டரோ பாஸ்வேர்டோ கொடுத்து, ‘நானோ /இடிசி/எஃப்எஸ்டேப்’ திறந்து, அந்த வரியில் ‘டிஃபால்ட்ஸ்’ என்ற சொல்லை ஒட்டிக் கமா போட்டு ‘நோஃபெயில்’ என்று சேர்த்தேன். இன்னொரு கமா போட்டு ‘எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்’. இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் பத்து விநாடியில் போய்க்கொண்டே இருக்கும். கமாவுக்குப் பின் இடைவெளி விடக்கூடாது. ஒரே ஒரு இடைவெளி என்னுடைய அரை நாளைத் தின்றது. சேமித்ததும் ‘சூடோ ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ என்று அடித்தால், எழுத்துப்பிழை இருந்தால் அப்போதே சொல்லிவிடும்.

எக்ஸ்டர்னல் திறக்கிறது, ஆனால் லினக்ஸிலிருந்து எதையும் சேமிக்க முடியவில்லை என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைப் பாருங்கள். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக உறங்குவதில்லை, ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அது இன்னும் விடாத டிஸ்க்கில் லினக்ஸ் எழுதாது. அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்’ என்று அடித்தால் அந்தப் பழக்கம் போய்விடும்.

கோபத்தோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. லினக்ஸ் இருக்கும் டிஸ்க்கை விண்டோஸில் சொருகினால், ‘இதைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று ஒரு பெட்டி வரும். விண்டோஸுக்கு அந்த டிஸ்க்கின் பாஷை தெரியாது, அதனால் காலி என்று நினைத்துவிடுகிறது. தம்பியின் சுட்டி அந்த ‘ஃபார்மேட் டிஸ்க்’ பொத்தானுக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் இருந்தபோது நான் டீ டம்ளரோடு உள்ளே வந்தேன். கேன்சல். எப்போதும் கேன்சல். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டாலும் அதேதான்.

இத்தனையும் செய்த பிறகு எங்கள் பழைய டெஸ்க்டாப் மட்டும் தினமும் காலையில் மறுபடி எக்ஸ்டர்னலையே தேடியது. கடிகாரத்தைப் பார்த்தேன். லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் இடையே ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் வந்தால் அது வேறு வழக்கு, ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று லினக்ஸில் ஒரு முறை அடித்தால் தீரும். இங்கே தேதியே பல வருடம் பின்னால் இருந்தது. போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்து, இரவு சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துகொண்டிருந்தது. 3 வோல்ட், ரூபாய் நாணயம் போல இருக்கும், வாட்ச் கடையில் கிடைக்கும். மாற்றிய பின் தேதியையும் டிஸ்க் வரிசையையும் ஒரு முறை வைத்துச் சேமியுங்கள். அதே பக்கத்தில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஏஹெச்சிஐ என்று முன்பு இருந்திருந்தால் அதையும் திரும்ப வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் நீலத் திரை காட்டும். பழைய பேட்டரியைக் கழற்றும் முன் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து பொறித்த பக்கம்தான் மேலே.