உள்ளே உறுத்துவதை நான்கு நாள் எழுதிப் பாருங்கள்

வெளியே சொல்ல முடியாத ஒரு விஷயம் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து உறுத்தும்போது, தலைவலியும் தூக்கமின்மையும் பின்னாலேயே வருவதைப் பலரும் உணர்ந்திருப்பார்கள். அதற்குச் செலவில்லாத ஒரு வழி, பழைய நோட்டு ஒன்றில் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், அதைப் பற்றி மட்டுமே எழுதுவது.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தமக்கு நேர்ந்த கசப்பான நிகழ்வை இப்படி எழுதிய கல்லூரி மாணவர்களுள், நடந்ததையும் அப்போது மனத்தில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த 6 மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. ஆகவே, 'அண்ணன் பங்கு கேட்டான்' என்பதோடு நிறுத்திவிடாமல், 'அம்மாவும் வாய் திறக்கவில்லையே என்பதுதான் எனக்குச் சுட்டது' என்பது வரை எழுதுங்கள். எழுத்துப்பிழையைப் பார்க்க வேண்டாம். யாரும் படிக்கப்போவதில்லை, முடிந்ததும் கிழித்தும் போடலாம். (கைப்பேசியைவிடக் காகிதமே மேல் என்பது என் கட்சி, பாதியில் வாட்ஸ்அப் மணி அடிக்காது.)

எழுதி முடித்தவுடன் மனம் சற்றுக் கனப்பது இயல்பு என்பதால், படுக்கப்போகும் நேரத்தைவிட மாலைப் பொழுது நல்லது. தாங்க முடியாமல் கலங்கினால், அதை விட்டு வேறொன்றை எழுதுங்கள். ரத்த அழுத்தத்திற்கு மருந்து சாப்பிடுபவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.