மாரியில் வெட்டிய கிணறு: வன்னிக்கு ஊழியம் செய்ய வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மார்கழியில் வெளிநாட்டுத் திருச்சபை ஒன்றிலிருந்து இளைஞர் குழு ஒன்று கிளிநொச்சிக்கு வந்தது. பதினான்கு பேர். பெரும்பாலானோரின் பெற்றோர் இந்த மண்ணில் பிறந்தவர்கள். அவர்கள் கையில் இருந்த திட்டத்தாளை வாங்கிப் படித்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது. 2012இல் நான் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த தாளே திரும்பி வந்ததுபோல் இருந்தது: பத்து நாட்கள், ஒரு கிணறு, இரண்டு சிறுவர் விழா, நூறு உலர் உணவுப் பொதி. நான் பட்டுத் தெளிந்ததை இந்தப் பிள்ளைகளும் அதே விலை கொடுத்துப் படிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நுளம்பு வலை, கொதித்தாறிய தண்ணீர், விசா, கோயிலுக்குள் போகும்போது உடுப்பு ஆகியவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விடுகிறேன்.

அரிசிப் பொதிக்குள் துண்டுப்பிரசுரம்

வன்னியில் பெரும்பான்மையோர் சைவர்கள். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குச் சைவர்களும் நேர்த்தி வைத்துப் போவது இங்கே பழைய வழக்கம். அவர்களை யாரும் அழைத்துச் செல்லவில்லை, தாங்களாகவே போகிறார்கள். ஆனால் பசியோடு இருப்பவர் நீங்கள் நீட்டும் பொதியை மறுக்க முடியாது. மறுக்க முடியாதவரின் கையில் திணிக்கும் சுவிசேஷம் அவருக்கும் பாரம், சுவிசேஷத்துக்கும் இழுக்கு. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். "சோற்றைக் காட்டி மதம் மாற்ற வந்தவர்கள்" என்ற பேச்சோடு அந்த ஊரிலேயே வாழப்போகிறவர் உள்ளூர்ப் போதகர்.

விடுமுறையைப் பார்த்து வேலையைத் தெரிவது

இதைத்தான் நீட்டி எழுத வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

2012 செப்ரெம்பரில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. அந்த மார்கழியில் நாங்கள் வந்தபோது, ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாக இருந்த ஒரு கிராமத்தில் சனங்கள் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே குடியேறியிருந்தார்கள். ஊரின் மேற்குப் பக்கத்தில் கிணறு இல்லை. கிறிஸ்மஸ் விடுமுறை என்பதால் எங்களுக்கு இரண்டு கிழமை கிடைத்திருந்தது. கிணறு வெட்டுவோம் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவை ரொறன்ரோவிலேயே எடுத்துவிட்டோம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

வெட்ட வந்தவர்களில் ஒரு முதியவர் இருந்தார். நாற்பது வருடமாகக் கிணறு வெட்டியவர். இரண்டாம் நாளே என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "தம்பி, மாரியில் தோண்டுகிற குழியெல்லாம் கிணறுபோலத்தான் தெரியும். ஆவணி, புரட்டாதியில் வெட்டுங்கள். அப்போது தண்ணீர் எங்கே நிற்கிறதோ, அதற்கும் கீழே போக வேண்டும்."

அவர் சொன்னதில் புரியாதது எதுவும் இல்லை. வன்னிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. மார்கழியில் நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்கும். சித்திரையில் கொஞ்சம் மழை பெய்யலாம். அதன் பின் ஆவணி, புரட்டாதி வரை நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும். மார்கழியில் வெட்டினால் சில அடியிலேயே ஊற்று பொங்கும். மோட்டார் வைத்து இறைத்தாலும் குழி வற்றாது, ஆட்கள் நின்று ஆழமாக்கவும் முடியாது. வந்த தண்ணீரே போதும் என்று நிறுத்திவிடத் தோன்றும்.

நாங்களும் நிறுத்தினோம், பதினாறு அடியில். கொங்கிறீட் வளையம் இறக்கினோம், கட்டுக் கட்டிப் பூசினோம், தாகத்தில் இருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்ததைச் சொல்லும் மத்தேயு சுவிசேஷ வசனத்தைக் கருங்கல்லில் பொறித்துப் பதித்தோம். ஜெபம் செய்தோம். வாளியோடு நின்று படம் எடுத்துக்கொண்டோம். முதியவருக்குக் கூலி கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாகாண சபைத் தேர்தல் நடந்த 2013 செப்ரெம்பரில் நான் தனியாகத் திரும்பி வந்தேன். வாளியை இறக்கினேன். கயிறு தளர்ந்தது, வாளி சேற்றில் குந்தியது. ஆடி தொடக்கமே இப்படித்தான் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய மூத்த மகள் பள்ளிக்கூடக் கிணற்றிலிருந்து சைக்கிளில் கான் கட்டித் தண்ணீர் கொண்டுவந்து கொண்டிருந்தாள். கிணற்றுக் கட்டில் மிளகாய் காய்ந்தது. வசனம் பொறித்த கல் அப்படியே பளபளவென்று இருந்தது.

அதை ஆழமாக்க முயன்றோம். கீழே கல். ஏற்கெனவே இறக்கிய வளையத்துக்குள் சிறிய வளையம்தான் இறக்க முடியும். வெடி வைத்துக் கல்லுடைக்க அனுமதி எடுப்பது இங்கே இலகுவான காரியம் அல்ல. ஆட்களே உளி கொண்டு உடைத்தார்கள். முதலில் வெட்டியதைவிட அதிகமாகச் செலவாயிற்று. அதைவிடப் பெரிய நட்டம் வேறு. மேற்குப் பக்கத்துக்குக் கிணறு கொடுத்தாயிற்று என்று பதிவாகிவிட்டதால், அடுத்து வந்த நிறுவனம் அந்தக் குடும்பங்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. எங்கள் தானம் அவர்களுக்கு வரவிருந்த தண்ணீரை மறித்துவிட்டது.

போன மார்கழியில் வந்த பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொன்னேன். குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனால் அண்ணா, எங்களுக்கு ஓகஸ்டில் லீவு கிடைக்காதே" என்றார். லீவு கிடைக்காவிட்டால் நீங்கள் வர வேண்டியதில்லை. காசை ஓகஸ்டில் அனுப்புங்கள். இந்த ஊரில் கிணறு வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கோடையில் அவர்களுக்குக் கூலி வேலையும் குறைவு. மார்கழியில் வந்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போங்கள். மண்வெட்டி பிடித்து உங்கள் கை கொப்பளிக்க வேண்டும் என்று கிறிஸ்து எங்கும் கேட்கவில்லை.

யாருடைய காணி

பணம் கொடுப்பதற்கு முன் கிராம அலுவலரிடம் போங்கள். காணி அனுமதிப்பத்திரம் யார் பெயரில், வழி யாருக்குச் சொந்தம், கண்ணிவெடி அகற்றி விடுவித்த நிலம்தானா என்று கேளுங்கள். ஒருவரின் வேலிக்குள் வெட்டிய பொதுக்கிணறு ஒரே சண்டையில் தனிக்கிணறாகிவிடும்.

போர் முடிந்த 2009 பற்றிக் கேட்பது

கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்லத் தொடங்கினால், முடியும்வரை எழும்பாதீர்கள்.

வைகாசியில் பலூன்

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய கிழமையில் தெருவோரங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பார்கள். அந்த நாட்களில் சிறுவர் விழா வைக்காதீர்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும் வைகாசியில்தான். அன்று நீங்கள் கூட்டம் வைத்தால் முல்லைத்தீவில் யாரும் வர மாட்டார்கள், வராததைக் குறை சொல்லவும் உங்களுக்கு உரிமை இல்லை.

விருந்து

கணவனை இழந்த ஓர் அம்மா முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியை எங்களுக்காக அடித்துக் குழம்பு வைத்தார். எங்களுக்கு அது மறுநாள்தான் தெரிய வந்தது. முட்டை விற்றுத்தான் அவர் பிள்ளைக்குக் கொப்பி வாங்கி வந்தார். போகும் ஊரில் ஒரு பெண்ணிடம் முன்கூட்டியே அரிசிக்கும் கறிக்கும் சமையல் கூலிக்கும் காசு கொடுத்துவிடுங்கள். உபசரிப்பை மறுத்தால் மனம் நோகும் என்பது உண்மை. ஒரு தேநீரோடு அந்த மனத்தை நிறைக்கலாம்.

கொழும்பிலிருந்து சாமான் ஏற்றி வருவது

ஊர்க்கடையில் வாங்குங்கள்.

குளிர்நாட்டுப் பழைய உடுப்புகள்

வேண்டாம்.

திரும்பிப் பார்க்காமல் விடுவது

கிணறோ கோழிக்கூடோ தையல் இயந்திரமோ, கொடுத்த பின் ஒரு கோடை கழியட்டும். புரட்டாதியில் உங்களில் ஒருவராவது வாருங்கள். முடியாவிட்டால் கிளிநொச்சியில் நம்பிக்கையான ஒருவரைப் பஸ்ஸில் அனுப்பி, வாளியை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.